எல்லைத் தொகுதியின் குரல்: ஓசூரில் ஒரு சட்டமன்ற உறுப்பினரின் வேலை

ஜெயலலிதா முதலமைச்சராக இருந்த காலத்தில் ஓசூர் சட்டமன்ற உறுப்பினர் கே. கோபிநாத் ஒருநாள் அவையில் எழுந்து தெலுங்கில் பேசினார். மொழிச் சிறுபான்மையினரின் நிலை பற்றிய பேச்சு அது. முதலமைச்சரும் தெலுங்கிலேயே பதில் சொன்னார். அந்தக் காட்சியைப் பலரும் இன்று ஒரு சுவையான நிகழ்வாக மட்டுமே நினைவில் வைத்திருக்கிறார்கள். ஓசூர்ப் பக்கத்து அரசுப் பள்ளிகளை அறிந்தவர்களுக்கு அது வேறு விதமாகப் பட்டிருக்கும். தமிழ் எழுதப் போதிய பயிற்சி பெறாமலே பத்தாம் வகுப்புத் தமிழ்த் தாளை எதிர்கொள்ள இருந்த பிள்ளைகளின் கவலை அன்று அவைக்குள் வந்து சேர்ந்தது.

மாநிலச் சட்டமன்றத்தின் அலுவல் மாநில ஆட்சிமொழியிலோ இந்தியிலோ ஆங்கிலத்திலோ நடக்க வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 210-ஆம் பிரிவு. இவற்றில் போதுமான அளவு பேச இயலாத உறுப்பினரைத் தாய்மொழியில் பேச அவைத் தலைவர் அனுமதிக்கலாம் என்றும் அதே பிரிவு சொல்கிறது. கோபிநாத்துக்குத் தமிழ் நன்றாகத் தெரியும். ஆகவே அவர் தெலுங்கில் பேசியது தன் வசதிக்காக என்று கொள்ள முடியாது. தன் தொகுதியில் ஒரு பெரும் பிரிவினர் வீட்டில் பேசும் மொழி அவைக்குறிப்பில் ஏறட்டும் என்பதற்காகத்தான் அப்படிப் பேசினார் என்று நான் புரிந்துகொள்கிறேன். 2024 ஜூனில் கிருஷ்ணகிரி மக்களவை உறுப்பினராகப் பதவியேற்றபோதும் அவர் தெலுங்கில்தான் உறுதிமொழி எடுத்தார். அதற்குச் சமூக ஊடகங்களில் எதிர்ப்பும் எழுந்தது, ஆதரவும் எழுந்தது. இரு தரப்பிலும் பெரும்பாலோர் ஓசூரின் வரலாற்றைக் கேட்காமலே பேசினார்கள்.

அந்த வரலாறு நிலத்திலிருந்து தொடங்குகிறது. ஓசூரிலிருந்து பெங்களூருக்கு ஏறத்தாழ 40 கிலோமீட்டர். சென்னைக்கு 300 கிலோமீட்டருக்கும் மேல். ஜூஜுவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி, அதாவது கர்நாடகம். பழைய சேலம் மாவட்டத்தின் வடமேற்கு மூலையாக இருந்த இந்த வட்டாரம் 1956-இல் மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரிக்கப்பட்டபோது சென்னை மாநிலத்திலேயே நின்றது. 1965-இல் தருமபுரி மாவட்டத்துக்குள் வந்தது. 2004 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது. தெலுங்கு, கன்னடம், தமிழ், உருது நான்கும் ஒரே சந்தையில் ஒலிக்கும் ஊர்கள் பாகலூர், பேரிகை, தளி, கெலமங்கலம், தேன்கனிக்கோட்டை எல்லாம். ராஜாஜி பிறந்த தொரப்பள்ளியும் ஓசூருக்கு அருகில்தான் இருக்கிறது.

இப்படிப்பட்ட தொகுதியில் மூன்று முறை தொடர்ந்து வென்றவர் கோபிநாத். 2001-இல் அவருடைய காங்கிரஸ் கட்சி அ.தி.மு.க. அணியில் இருந்தது. 2006-இலும் 2011-இலும் தி.மு.க. அணியில். மூன்றாவது வெற்றியைத் தனியே எடுத்துப் பார்க்க வேண்டும். 2011-இல் தமிழ்நாடு முழுவதும் காங்கிரசுக்குக் கிடைத்த இடங்கள் ஐந்தே ஐந்து. அவற்றில் ஒன்று ஓசூர். கட்சி, கூட்டணி, அலை ஆகிய மூன்றும் எதிராகத் திரும்பிய தேர்தலில் ஒருவர் நிற்கிறார் என்றால், தொகுதிக்குள் அவருக்கென்று தனி வேர் இருந்திருக்க வேண்டும். அந்த வேரில் சாதிக்கும் மொழிக்கும் பங்கு உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அவை மட்டுமே காரணம் என்றால் 2016-இல் அவர் அ.தி.மு.க.வின் பி. பாலகிருஷ்ணா ரெட்டியிடம் தோற்றதற்கு விளக்கம் கிடைக்காது. எட்டு ஆண்டுகள் கழித்து, ஓசூரையும் உள்ளடக்கிய கிருஷ்ணகிரி மக்களவைத் தொகுதியில் 1.9 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகள் வித்தியாசத்தில் அவர் வென்றார்.

ஒரு சட்டமன்ற உறுப்பினரின் பொதுப்பணியை அளப்பது எப்படி என்பதே இக்கட்டுரையின் கேள்வி. கல்வெட்டில் பெயர் பொறித்த கட்டடங்களை எண்ணுவது வழக்கமான முறை. எல்லையோரத் தொழிற்பகுதியில் அந்த முறை போதாது. இங்கே மக்கள் வாழ்வை மாற்றும் முடிவுகளில் பெரும்பாலானவை உறுப்பினரின் கைக்கு எட்டாத இடங்களில் எடுக்கப்படுகின்றன. சென்னையில் தொழில்துறை, டெல்லியில் ரயில்வே, பெங்களூரில் இன்னொரு மாநில அரசு, எல்லாவற்றுக்கும் மேல் நீதிமன்றம். இவற்றின் வாசலில் ஒரு கோரிக்கையை எத்தனை ஆண்டுகள் சோர்வில்லாமல் கொண்டுபோய் நிறுத்துகிறார் என்பதையே எல்லைத் தொகுதி உறுப்பினரின் முதல் அளவுகோலாகக் கொள்ள வேண்டும்.

மொழிப் பிரச்சினையையே எடுத்துக்கொள்வோம். 2006-இல் தி.மு.க. அரசு தமிழ் கற்றல் சட்டத்தைக் கொண்டுவந்தது. 2006-07 கல்வியாண்டில் முதல் வகுப்பில் தமிழ் கட்டாயமானது. ஆண்டுக்கு ஒரு வகுப்பாக மேலேறி, 2015-16-இல் பத்தாம் வகுப்பைத் தொட்டது. தமிழ்நாட்டில் வளரும் பிள்ளை தமிழ் படிக்க வேண்டும் என்ற நோக்கத்தில் எனக்கு மாறுபாடு இல்லை. ஓசூரில் தொழிற்சாலை வேலைக்கும் அரசுத் தேர்வுக்கும் தமிழ் இல்லாமல் போக முடியாது என்பதை அங்குள்ள தெலுங்குப் பெற்றோரே நன்கு அறிவார்கள். சிக்கல் நடைமுறையில் இருந்தது. தெலுங்கு, கன்னட, உருது வழிப் பள்ளிகளில் தமிழாசிரியர்கள் போதிய அளவில் இல்லை என்று மொழிச் சிறுபான்மை அமைப்புகள் நீதிமன்றத்தில் வாதிட்டன. கற்பிக்க ஆள் போடாத பாடத்துக்கு மாணவன் பொதுத்தேர்வு எழுத வேண்டும் என்பது நியாயமில்லை. 2016-இல் சென்னை உயர் நீதிமன்றம் அவ்வாண்டுத் தேர்வுக்கு விலக்கு அளித்தது. விலக்கு பின்னர் நீண்டுகொண்டே போய், 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் மேலும் ஓராண்டு தந்தது.

இதில் கோபிநாத்தின் நிலை எளிதானதாக இருக்கவில்லை. 2006-இல் ஆட்சி நடத்திய தி.மு.க.வுக்குத் தனிப் பெரும்பான்மை கிடையாது. காங்கிரசின் ஆதரவில்தான் அந்த அரசு நின்றது. தன் கட்சி தாங்கிப் பிடித்த அரசின் சட்டம், தன் தொகுதியின் ஒரு பகுதிப் பிள்ளைகளுக்கு இடர் தந்தது. பின்னர் காங்கிரஸ் சட்டமன்றக் கட்சித் தலைவராக, எதிர்வரிசையில் இருந்தபோது அவர் அந்தக் குரலை அவையில் எழுப்பினார். ஆதரவுக் கட்சியின் உறுப்பினருக்கு அமைச்சர் அறைக்குள் நுழையும் வழி இருக்கும், வெளியே வாய் திறக்கும் வாய்ப்பு குறையும். எதிர்வரிசைக்காரருக்கு நேர்மாறு. தமிழ்நாட்டுக் கூட்டணி அரசியலைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்த வேறுபாட்டைத் தொகுதி அளவில் வைத்து இன்னும் ஆராய வேண்டும்.

தண்ணீர் இன்னும் கடினமான கதை. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். பல்லில் பழுப்புக் கறை, இளம் வயதிலேயே மூட்டு வலி, முதுகு வளைவு என்று தலைமுறை தலைமுறையாக மக்கள் அதைச் சுமந்தார்கள். ஒகேனக்கல்லில் காவிரி நீரை எடுத்துச் சுத்திகரித்து இரு மாவட்டங்களுக்கும் தருவது என்ற திட்டத்துக்கு 1998-இலேயே தமிழ்நாடும் கர்நாடகமும் உடன்பாடு கண்டிருந்தன. ஆனால் 2008 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டதும் கர்நாடகத்தில் எதிர்ப்பு வெடித்தது. அங்கே சட்டமன்றத் தேர்தல் நெருங்கியிருந்தது. மார்ச்சில் கர்நாடக பா.ஜ.க. தலைவர் எடியூரப்பா ஒகேனக்கல்லுக்கே வந்தார். பெங்களூரில் தமிழ்ப் படங்கள் ஓடிய திரையரங்குகள் தாக்கப்பட்டன. ஏப்ரல் தொடக்கத்தில் சென்னையில் திரையுலகினர் உண்ணாவிரதம் இருந்தார்கள். அதை அடுத்து முதலமைச்சர் கருணாநிதி, கர்நாடகத் தேர்தல் முடியும்வரை திட்டத்தை நிறுத்திவைப்பதாக அறிவித்தார்.

அந்த வாரங்களில் ஓசூர் தொகுதியின் உறுப்பினர் யாருடைய முகத்தைப் பார்ப்பார்? அவருடைய கட்சி எல்லைக்கு அப்பால் ஆட்சியைப் பிடிக்கப் போட்டியிடுகிறது. எல்லைக்கு இப்பால் அவருடைய வாக்காளர் ஃபுளோரைடு நீரைக் குடிக்கிறார். அவருடைய தொகுதியின் இளைஞர்கள் தினமும் பெங்களூருக்கு வேலைக்குப் போய்த் திரும்புகிறார்கள். அங்கே கல் விழுந்தால் முதலில் அடிபடுவது அவர்கள். தேசியக் கட்சி, மாநிலக் கட்சி எதுவானாலும் எல்லைத் தொகுதியில் நிற்கும் ஒவ்வொருவருக்கும் இந்த நெருக்கடி வரும். 2016 செப்டம்பரில் காவிரித் தீர்ப்பை ஒட்டிப் பெங்களூரில் பேருந்துகள் கொளுத்தப்பட்டபோதும் இதே நிலைதான். வண்டிகள் எல்லையில் நிறுத்தப்பட, மக்கள் மூட்டை முடிச்சுகளுடன் அத்திப்பள்ளிக்கும் ஓசூருக்கும் இடையே நடந்தே கடந்தார்கள். அப்போது உறுப்பினர் வேறொருவர், கட்சியும் வேறு.

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பான் பன்னாட்டுக் கூட்டுறவு முகமையின் கடனுதவியுடன் 1,928.80 கோடி ரூபாய் மதிப்பில் நிறைவேறி, 2013 மே மாதம் ஜெயலலிதாவால் தொடங்கி வைக்கப்பட்டது. அடிக்கல் ஓர் ஆட்சியில், திறப்பு இன்னோர் ஆட்சியில். இரு கழகங்களும் அதைத் தம் சாதனையாகச் சொல்லிக்கொள்கின்றன. ஆண்டுக்காண்டு மானியக் கோரிக்கை விவாதங்களில் எழுந்து கேட்ட பா.ம.க., இடதுசாரி, காங்கிரஸ் உறுப்பினர்களின் பங்கை யாரும் எந்தக் கல்லிலும் பொறிக்கவில்லை. அவைக்குறிப்புகளைப் புரட்டினால்தான் அது தெரியும்.

பர்கூரைப் பற்றி இங்கே பேசியாக வேண்டும். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஊத்தங்கரை, பர்கூர், கிருஷ்ணகிரி, வேப்பனஹள்ளி, ஓசூர், தளி என ஆறு தொகுதிகள். அவற்றில் பர்கூருக்கு மட்டும் ஐந்து ஆண்டுகள் முதலமைச்சரே சட்டமன்ற உறுப்பினராக இருந்தார். 1991-இல் ஜெயலலிதா பர்கூரிலும் காங்கேயத்திலும் போட்டியிட்டு இரண்டிலும் வென்று பர்கூரை வைத்துக்கொண்டார். 1994-இல் அங்கே அரசுப் பொறியியல் கல்லூரி வந்தது. பின்தங்கிய வட்டாரத்தின் முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்கு அது திறந்த கதவு மிகப் பெரிது. இத்தனைக்குப் பிறகும் 1996-இல் தி.மு.க.வின் இ.ஜி. சுகவனத்திடம் 8,366 வாக்குகளில் அவர் தோற்றார்.

இதைத் தொகுதி மக்களின் நன்றியின்மை என்று சிலர் சொல்வதுண்டு. நான் ஏற்கவில்லை. அவ்வாண்டு அ.தி.மு.க. மாநிலம் முழுவதும் நான்கே இடங்களில்தான் வென்றது. ஊழல் குற்றச்சாட்டுகள் மீதான கோபத்துக்கு முன்னால் ஒரு கல்லூரி நிற்க முடியாது. அதைவிட முக்கியமாக எனக்குப் படுவது வேறொன்று. முதலமைச்சரை உறுப்பினராகப் பெற்ற தொகுதிக்குத் திட்டங்கள் கேட்காமலே வரும். ஆனால் பட்டா மாறுதலுக்கும் முதியோர் உதவித்தொகைக்கும் அலையும் ஒருவருக்கு, தன் உறுப்பினரை நேரில் பார்த்துச் சொல்ல வழி இருக்காது. சுகவனம் அந்தப் பக்கத்து மனிதர், எட்டிப் பார்க்கக் கூடியவர். அவர் பின்னர் 2004-இலும் 2009-இலும் கிருஷ்ணகிரி மக்களவை உறுப்பினரானார். பெரிய திட்டத்தையும் அருகில் இருப்பதையும் வாக்காளர் தனித்தனியே எடைபோடுகிறார் என்பதற்குப் பர்கூரைவிடத் தெளிவான சான்று இம்மாவட்டத்தில் இல்லை.

இனித் தொழில். ஓசூரின் முகத்தை மாற்றிய முடிவு 1970-களில் எடுக்கப்பட்டது. 1971-இல் தொடங்கப்பட்ட சிப்காட் நிறுவனம் தன் முதல் தொழிற்பேட்டைகளில் ஒன்றை ஓசூரில் அமைத்தது. பின்தங்கிய பகுதி என்பதால் சலுகைகள் கிடைத்தன. பெங்களூரின் சந்தையும் திறமையாளர்களும் பக்கத்திலேயே இருந்தார்கள். 1980 வாக்கில் அசோக் லேலண்டும் டி.வி.எஸ். மோட்டாரும் உற்பத்தியைத் தொடங்கின. டாடா குழுமமும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் 1984-இல் சேர்ந்து உருவாக்கிய டைட்டன், 1987-இல் இங்கே கைக்கடிகாரம் செய்யத் தொடங்கியது. இந்த வட்டாரத்துக் கிராமப் பள்ளிகளிலிருந்து இளைஞர்களைத் தேர்ந்து பயிற்சி கொடுத்து வேலைக்கு எடுத்தது. டைட்டனில் டிட்கோவின் பங்கு இன்றும் கால்வாசிக்கு மேல். பொதுத்துறையும் தனியாரும் சேர்ந்து ஒரு வறண்ட மேட்டு நிலத்தில் என்ன செய்ய முடியும் என்பதற்கு ஓசூர் நல்ல எடுத்துக்காட்டு.

இவற்றில் எதையும் ஓசூர் எம்.எல்.ஏ. ஒருவர் தீர்மானிக்கவில்லை. இப்போதும் அப்படியே. தமிழ்நாட்டில் ஒரு சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி மேம்பாட்டு நிதி 2019 முதல் ஆண்டுக்கு 3 கோடி ரூபாய். வகுப்பறை, அங்கன்வாடி, நியாயவிலைக் கடைக் கட்டடம், மேல்நிலை நீர்த்தொட்டி, சிமெண்ட் சாலை என அது கரைந்துவிடும். போச்சம்பள்ளி அருகே ஓலா நிறுவனம் மின் ஸ்கூட்டர் ஆலைக்காக 2020-இல் அரசுடன் செய்த ஒப்பந்தத்தின் மதிப்பு 2,400 கோடி. இந்த இரு தொகைகளுக்கும் இடையே உள்ள தூரம்தான் உறுப்பினரின் உண்மையான அதிகார எல்லையைக் காட்டுகிறது. ஆலை வருவது அவர் கையில் இல்லை. ஆலை வந்தபின் நிலம் இழந்தவர், ஒப்பந்தத் தொழிலாளி, விடுதியில் தங்கும் இளம்பெண், புகையும் கழிவும் தாங்கும் கிராமம் எல்லோரும் வந்து நிற்பது அவர் வீட்டு வாசலில்.

2023-இல் உத்தனப்பள்ளி வட்டாரத்தில் சிப்காட்டின் புதிய கட்டத்துக்கு நிலம் எடுப்பதை எதிர்த்து விவசாயிகள் நீண்ட போராட்டம் நடத்தினார்கள். அங்கே பலரும் காய்கறியும் பூவும் விளைவிக்கும் பாசன நிலக்காரர்கள். ஓசூர் ரோஜா கடல் கடந்து போகிறது, ராயக்கோட்டைத் தக்காளி பல ஊர்ச் சந்தைகளுக்குப் போகிறது. தரிசு நிலம் என்று ஆவணத்தில் எழுதிவிட்டால் இந்த உழைப்பு கண்ணுக்குத் தெரியாமல் போகும். தொழில் வேண்டாம் என்று இங்கே எவரும் சொல்லவில்லை. எந்த நிலத்தில், எந்த விலையில், யாரைக் கேட்டு என்பதே கேள்வி. தொழிலையும் உழவையும் ஒரே தொகுதியில் வைத்திருக்கும் உறுப்பினர் இதில் பக்கம் சாராமல் இருக்க முடியாது. இருக்கவும் கூடாது. நில எடுப்பில் மாவட்ட ஆட்சியரின் முன் விவசாயி ஒருவராக நிற்கும்போது அவர் மனுதாரர். உறுப்பினர் உடன் நின்றால் அது அரசியல் கோரிக்கையாகிறது.

தென்பெண்ணை ஆறு இந்தத் தொழில் வளத்தின் மறுபக்கத்தைச் சொல்லும். பெங்களூரின் ஏரிகளையும் கழிவையும் கடந்து வரும் நீர் ஓசூருக்கு மேல் கெலவரப்பள்ளி அணையில் தேங்குகிறது. மதகு திறக்கும்போது வெள்ளை நுரை மேலெழும்பித் தரைப்பாலங்களையும் வயல்களையும் மூடும் படங்கள் ஏறக்குறைய ஆண்டுதோறும் செய்தித்தாளில் வருகின்றன. கழிவு கலப்பது கர்நாடகத்தில், கேட்க வேண்டியது அங்கே. தமிழ்நாட்டு உறுப்பினர் பெங்களூர் மாநகராட்சியிடம் கேள்வி எழுப்ப எந்த அவையும் இல்லை. மார்க்கண்டேய நதியின் குறுக்கே யார்கோளில் கர்நாடகம் கட்டிய அணையை எதிர்த்துத் தமிழ்நாடு தொடுத்த மனுவை 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. 1892-ஆம் ஆண்டு மதராஸ் – மைசூர் உடன்பாட்டைச் சுட்டி வாதிடும் வழக்குகளில் ஒரு தொகுதி உறுப்பினருக்கு இடமே கிடையாது. அவருக்குக் கிடைப்பது நுரை படிந்த வயலின் உரிமையாளர் மட்டும்.

மக்கள் எந்தப் பதவியைத் தேடிப் போகிறார்கள் என்பதைவிட, அரசியல்வாதிகள் எந்தப் பதவிக்கு நகர்கிறார்கள் என்று பார்ப்பது பயன்தரும். 2019 பிப்ரவரியில் ஓசூர் மாநகராட்சியானது. அவ்வாண்டு ஏப்ரலில் நடந்த இடைத்தேர்தலில் தி.மு.க.வின் எஸ்.ஏ. சத்யா சட்டமன்ற உறுப்பினரானார். 2021 பொதுத்தேர்தலில் அதே கட்சியின் ஒய். பிரகாஷ், முன்பு தளி உறுப்பினராக இருந்தவர், ஓசூரில் வென்றார். 2022-இல் சத்யா மாநகராட்சியின் முதல் மேயரானார். கோபிநாத் டெல்லிக்குப் போனார். ஒரே ஊரின் இரு முன்னாள் உறுப்பினர்களில் ஒருவர் குப்பை, சாக்கடை, தெருவிளக்கு இருக்கும் அவைக்கு இறங்கி வந்தார். மற்றவர் ரயிலும் தேசிய நெடுஞ்சாலையும் இருக்கும் அவைக்கு ஏறிப் போனார். இறங்கி வந்ததையும் சமமான பொதுப்பணியாகவே நான் மதிக்கிறேன். வளர்ந்துவரும் தொழில் நகரத்துக்கு நல்ல வடிகால் எத்தனை அவசியம் என்பதை ஒரு மழைக்காலம் சொல்லிவிடும்.

ரயிலைப் பற்றி ஒரு வார்த்தை. மாவட்டத் தலைநகரான கிருஷ்ணகிரிக்கு ரயில் நிலையம் கிடையாது. திருப்பத்தூரிலிருந்து குறுகிய பாதை ஒன்று 1905-இலேயே அங்கு வந்திருந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மூடப்பட்ட பின் திரும்ப வரவில்லை. ஜோலார்பேட்டையிலிருந்து கிருஷ்ணகிரி வழியாக ஓசூருக்குப் பாதை வேண்டும் என்ற கோரிக்கை ஒவ்வொரு தேர்தல் அறிக்கையிலும் இருக்கிறது. 2024 ஜூனில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் ஓசூரில் 2,000 ஏக்கரில் பன்னாட்டு விமான நிலையம் அமைக்கப்படும் என்று 110-ஆவது விதியின் கீழ் அவையில் அறிவித்தார். மாவட்டத் தலைநகருக்கு ரயில் வருமுன் விமான நிலையம் வந்தால், பயன் யாருக்குப் போகும் என்பதை ஆறு உறுப்பினர்களும் கட்சி பாராமல் சேர்ந்து கேட்க வேண்டும்.

கேட்பதற்கு வழிகள் இருக்கின்றன. கேள்வி நேரம், கவன ஈர்ப்பு, வெட்டுத் தீர்மானம், மனுக்கள் குழு. 2022-இல் முதலமைச்சர் 234 உறுப்பினர்களையும் தம் தொகுதியின் பத்து முக்கியக் கோரிக்கைகளைத் தரச் சொல்லிக் கடிதம் எழுதினார். எதிர்க்கட்சியினருக்கும் அந்தக் கடிதம் போனது நல்ல தொடக்கம். அவற்றுக்கெல்லாம் மேலாக நான் கருதுவது உறுதிமொழிக் குழுவை. அமைச்சர் ஒருவர் அவையில் ஆவன செய்யப்படும் என்று சொன்னால், அது என்னவாயிற்று என்று துரத்திக் கேட்கும் அதிகாரம் பெற்ற குழு அது. ஓசூர், தளி தொகுதிகளுக்கு 2001 முதல் அவையில் தரப்பட்ட உறுதிமொழிகளை ஆண்டுவாரியாக எடுத்து, கேட்டவர் பெயரையும் நிறைவேறிய தேதியையும் எதிரெதிரே எழுதி ஓசூர் மாவட்ட உரிமையியல் நீதிமன்ற வாசலிலும் நூலகங்களிலும் வைக்கலாம். கோபிநாத்தின் பதினைந்து ஆண்டுகளையும் அவருக்குப் பின் வந்தவர்களின் ஆண்டுகளையும் ஒரே அளவுகோலில் வைத்துப் பார்க்க அந்தப் பட்டியல் போதும். முதல் வரியில் மொழிச் சிறுபான்மைப் பள்ளிகளுக்கான தமிழாசிரியர் நியமனத்தை எழுதலாம், இரண்டாவதில் கெலவரப்பள்ளிக்கு வரும் நீரின் தரத்தை.